தராசு காட்டுக்கு வந்த பிறகு

வண்டிப்பெரியார்,
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. துலாமழை விடாமல் ஊற்றியதில் ரெண்டு நாளாகக் கரண்ட் இல்லை, இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. தங்கச்சிக்கு முட்டி வலி தேவலை என்று படித்ததும் இங்கே எல்லாருக்கும் நிம்மதி. பெரியாற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. நாம் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த லயம், தொழிலாளர் வரிசை வீடு, ஒன்று போன மாதம் சரிந்துவிட்டது. ஆள் யாரும் குடியில்லை, அந்த மட்டும் நல்லது.

விஷயத்துக்கு வருகிறேன். அறுபது மெஷின் ஓடுகிற உன் தையல் கம்பெனிக்கு முகம் பார்க்கிற வருகைப்பதிவு மெஷின், வெட்டிய துணிக் கட்டான பண்டிலுக்கு பண்டில் அட்டை, ஒவ்வொரு டெய்லர் முன்னாலும் ஒரு திரை, எல்லாம் சேர்த்து ஒருத்தன் விலை சொல்லியிருக்கிறான் என்றும், கூலிச் செலவு அப்படியே இறங்கிவிடும் என்கிறான் என்றும் எழுதியிருந்தாய். 'உங்கள் தேயிலை எஸ்டேட்டில் இதெல்லாம் வந்துவிட்டதே, நிஜமாகவே பயன் உண்டா?' என்று கேட்டாய். உண்டு. ஆனால் அவன் சொல்கிற இடத்தில் இல்லை.

முன்னே பறித்த கொழுந்துக்கு எடை எப்படிப் போட்டோம் என்று உனக்கே தெரியும், உன் அம்மாவோடு நீயும் எடைக் கொட்டகைக்கு வந்தவன்தான். தொங்கு தராசில் சாக்கை மாட்டி, சூப்பர்வைசர் சத்தமாகக் கிலோவைச் சொல்லி நோட்டில் எழுதுவார். மழைநாளில் ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கண்மதிப்பில் கழிப்பார். கழித்தது சரியா தப்பா என்று கேட்க ஒரு வழியும் கிடையாது. இப்போது இருப்பது பேட்டரித் தராசு. கொழுந்து எடுக்கிற தேயிலைக் காட்டுக்கே தூக்கிப் போகிறோம். சாக்கின் எடையை முதலிலேயே கழித்துவிட்டு நிற்கும். கொழுந்து எடுக்கிற அக்கா தன் அட்டையைக் காட்டினால் அவள் நம்பரில் எடை ஏறி, கையோடு சின்னச் சீட்டு வரும். தேதி, காட்டு நம்பர், கிலோ, அவ்வளவுதான் அதில்.

அந்தச் சீட்டு இருக்கிறதே மாப்ள, அதைப்பற்றித்தான் உனக்கு நிறையச் சொல்ல வேண்டும். ஆறாம் நம்பர் காட்டில் ஓர் அக்கா, முப்பது வருஷமாகக் கொழுந்து எடுக்கிறவர். கையெழுத்து மட்டும் போடுவார். முதல் மாதச் சீட்டு அத்தனையையும் ஒரு பால் பவுடர் டப்பாவில் போட்டு வைத்து, சம்பளத்துக்கு முன்னாலே ஆபீசுக்குக் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டினார். கொழுந்துக் கறை ஏறி விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். அந்த விரலால் ஒவ்வொன்றாக நீவி வரிசையாக வைத்தார். மூன்று நாள் கணக்கில் 11 கிலோ குறைகிறது என்றார். பார்த்தேன், குறைந்துதான் இருந்தது. தராசிலிருந்து ஆபீசுக்கு ஏற்றும்போது எங்கள் பக்கம் விட்டுப்போன கணக்கு. அன்றைக்கே திருத்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் முழுக் காட்டிலும் எடைத் தகராறு ஒன்றுகூட இல்லை. மெஷின் சரியாக அளக்கிறது என்று நாங்கள் எத்தனை தடவை சொல்லியும் நம்பாதவர்கள், அந்த 11 கிலோ திரும்பி வந்ததைப் பார்த்து நம்பினார்கள்.

இன்னொரு லாபம் யாரும் எதிர்பாராதது. தராசு காட்டுக்கு வந்ததால் சாக்கைச் சுமந்து கொட்டகைக்கு நடப்பதும், அங்கே வரிசையில் நிற்பதும் போயிற்று. முன்னே ஆளுக்கு ஒரு நாளில் முக்கால் மணி நேரம் அதில் போகும். நாற்பது பேருக்குக் கணக்குப் போட்டால் 30 மணி நேரம், கிட்டத்தட்ட நாலு ஆளின் முழு நாள் வேலை. இத்தனை வருஷம் அந்த நேரத்துக்குக் கூலி கொடுத்துக்கொண்டே, இவர்கள் வேகமாக எடுப்பதில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு.

கைரேகை மெஷின் வேறு கதை. காலையில் ஆள்கணக்கு எடுக்கிற மஸ்டரில் விரல் வைக்கச் சொன்னோம். பனியில் விறைத்து, செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தி பிடித்துத் தேய்ந்து, கறை ஏறிய விரல் எந்த மெஷினுக்குப் பிடிபடும்? நாலு தடவை, ஐந்து தடவை துடைத்துத் துடைத்து வைப்பார்கள். பின்னால் வரிசை நிற்கும். பதிவாகாதவர்களுக்கு அரைநாள் என்று மேலே இருந்து உத்தரவு. வேலைக்கு வந்து நிற்கிறவளைப் பார்த்து, நீ வரவில்லை என்று மெஷின் சொல்கிறது என்பதை என் வாயால் சொல்ல வேண்டி வந்தது. ரெண்டு பேர் வேலையை விட்டு நின்றேவிட்டார்கள். ஒருத்தர் கம்பத்து ஜீப்பில் ஏலக்காட்டுக்குப் போகத் தொடங்கினார். பிறகுதான் அந்த மெஷினை எடுத்துவிட்டு அட்டைக்கு மாறினோம்.

2015 செப்டம்பர் உனக்கு ஞாபகம் இருக்கும். போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததற்கு மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று சேர்ந்து ரோட்டில் உட்கார்ந்தார்களே. தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே விடவில்லை. அப்போது தேயிலைக்கு நாள்கூலி 232 ரூபாய், கேட்டது 500, அக்டோபரில் முடிந்தது 301. கூடவே தினம் எடுக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 ஆக ஏறியது. அதற்குப் பிறகு வருகிற எந்தத் தராசையும், நம்மிடம் இன்னும் நாலு கிலோ பிடுங்கத்தான் வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். அது நியாயமான சந்தேகம்.

நான் முன்னே வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நிஜமாகவே அப்படிச் செய்தார்கள். தராசு வந்ததும் எடை கூடியது. கூடிய கிலோவுக்குத் தனிக்காசு என்றதால் நல்ல கை உள்ளவர்கள் ஓடி ஓடி எடுத்தார்கள். மூன்றே மாதத்தில், இவ்வளவு எடுக்க முடிகிறதல்லவா என்று அடிப்படை எடையை ஏற்றி, தனிக்காசைக் குறைத்தார்கள். அதன்பின் காட்டிலிருக்கும் அத்தனை பேருடைய எடையும் அந்த அடிப்படைக்கு ஒரு கிலோ மேலே வந்து அசையாமல் நின்றது. திரையில் பார்க்கப் பார்க்க ஒரே எண். மேனேஜர் மெஷின் கெட்டுவிட்டதா என்று கேட்டார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

அதனால் உனக்கு நான் சொல்வது இதுதான். பீஸுக்கு இவ்வளவு கூலி என்கிற பீஸ் ரேட்டை முதலில் எழுதிச் சுவரில் ஒட்டு. வேகமாகத் தைக்கிறார்கள் என்பதற்காக அதில் கைவைக்க மாட்டேன் என்று அவர்கள் முன்னால் சொல்லிவிட்டு அப்புறம் மெஷின் வாங்கு. பண்டில் அட்டை நல்ல யோசனைதான், வாங்கு. ஆனால் அதை வைத்து எந்த டெய்லர் மெதுவாக இருக்கிறார் என்று முதல் மாதம் பார்க்காதே. எந்த பண்டில் எந்த மெஷின் முன்னால் எவ்வளவு நேரம் கிடந்தது என்று பார். ஓவர்லாக் மெஷினில் மலையாகக் குவிந்து, அடுத்த பிளாட்லாக் மெஷின்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லேபிள் வரவில்லை, எலாஸ்டிக் வரவில்லை, நூல் கலர் மாறிவிட்டது என்று லைனே நிற்கும். அந்த நேரத்துக்கும் கூலி ஓடுகிறது, அதில் டெய்லரின் தப்பு ஒன்றும் இல்லை. உன் செலவு இறங்குவதாக இருந்தால் அங்கேதான் இறங்கும். திரையில் நீ பார்க்கும் எண் டெய்லருக்கும் தெரியட்டும், தினமும் ஒரு சீட்டு அவர்கள் கையில் போகட்டும். இங்கே இப்போது அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் பாதி. தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. ஆனால் எண் எல்லாருக்கும் தெரிகிறது.

கையால் எடுக்காமல் கத்தரியால் கொழுந்து வெட்டுவதைப் பற்றி நீ கேட்ட விஷயம்: கொழுந்து பொங்கி வரும் மாதங்களில் மட்டும் கத்தரி போடுகிறோம். எடை நிறைய வரும், ஆனால் முற்றின இலையும் சேர்ந்து வருகிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். அதில் முற்றின கரட்டு இலை இருந்தால் ஏலத்தில் விலை இறங்கி, மிச்சம் பிடித்த கூலி அங்கே போய்விடும். தோள்வலி என்று பெண்கள் சொல்வதும் இதில்தான் அதிகம். மோட்டார் கத்தரி எங்கள் சரிவில் நிற்காது.

விலைப்பட்டியல் வந்ததும் ஒரு நகல் அனுப்பு. வருஷா வருஷம் பராமரிப்புக்கு என்ன கேட்கிறான் என்று முக்கியமாகப் பார், நெட்வொர்க் இல்லாத நேரத்தில் கணக்கு எங்கே தங்கும் என்றும் கேள். எங்களுக்கு விட்டுப்போன 11 கிலோ அங்கேதான் தொலைந்தது. தூள் ரெண்டு கிலோ குமுளி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், தங்கச்சிக்குப் பிடித்த மட்டம்தான்.

உன்,
மச்சான்