தரவு விடுபட்டவரைத் தேடித் தரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரேஷன் கடை விற்பனைக் கருவி, மின் கட்டணக் கணக்கு, பட்டா, மருத்துவமனைப் பதிவேடு, செயற்கைக்கோள் படம் எனத் தனித்தனியே குவியும் தகவல்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, அதன் அடிப்படையில் அரசு முடிவெடுக்க வேண்டும் என்ற பேச்சு வளரும் நாடுகள் எங்கும் வலுத்து வருகிறது. பெருந்தரவுப் பகுப்பாய்வு எனப்படும் இம்முறை நமக்குத் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. நம் நாட்டில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2011-இல். 2021-இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. இடைப்பட்ட காலத்தில் ஓசூர் மாநகராட்சியாகிவிட்டது. பென்னாகரம், அரூர் பக்கத்துக் குடும்பங்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் போவதும் வருவதுமாக இருக்கின்றன. பழைய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு இன்றைய தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ திட்டம் தீட்டுவது சரியாகாது.

ஆனால் இந்தத் தகவல்களை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். என் பார்வையில், எங்கள் பகுதிக்கு மிகுந்த பயன் தரக்கூடிய ஆய்வுகளுக்குத் தனிமனிதரின் பெயரோ ஆதார் எண்ணோ தேவையே இல்லை. குடிநீரை எடுத்துக்கொள்வோம். இம்மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதும், பற்களில் கறை படிந்து எலும்பும் மூட்டும் நோகும் துன்பத்தைப் பல கிராமங்கள் தலைமுறைகளாக அனுபவித்து வந்தன என்பதும் அனைவரும் அறிந்தவை. அதற்காகவே ஜப்பான் நாட்டின் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆயினும் குழாயில் காவிரி நீர் வராத நாளில் மக்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் குடிக்கிறார்கள். எந்தக் குக்கிராமத்தின் மேல்நிலைத் தொட்டிக்கு எத்தனை நாள் நீர் ஏறவில்லை, அங்குள்ள ஆழ்துளைக் கிணற்றில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிப் புளோரைடு இருக்கிறதா, அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைச் சோதித்த மருத்துவக் குழு என்ன எழுதியது ஆகிய மூன்றும் மூன்று துறைகளின் கோப்புகளில் கிடக்கின்றன. இவற்றை ஒரே வரைபடத்தில் ஏற்றினால், அடுத்த குழாயை எந்த ஊருக்குப் பதிக்க வேண்டும், எந்த ஊரில் நீரேற்று மோட்டாரை முதலில் பழுது பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். எந்தக் குடும்பத்தின் உரிமையும் இதனால் பறிபோகாது.

பாலக்கோடு, ராயக்கோட்டை சந்தைகளில் தக்காளி விலை சரியும்போதெல்லாம் பறிப்புக் கூலிக்கும் கட்டாது என்று விவசாயிகள் காயைச் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். நாற்றுப் பண்ணைகளின் விற்பனையையும் சந்தை வரத்தையும் சேர்த்துப் பார்த்தால், நடவு மிகுந்துவிட்டது என்று சில வாரங்களுக்கு முன்பே எச்சரிக்க முடியும். இதுவும் அவ்வகைப் பயன்பாடே.

தனிமனிதரைப் பற்றி முடிவெடுக்கும்போதுதான் அச்சம் எழுகிறது. தெலங்கானாவில் ‘சமக்ர வேதிகா’ என்ற அரசுக் கணினி அமைப்பு பல துறைத் தகவல்களைப் பொருத்திப் பார்த்து ஆட்களை வடிகட்டியது. அங்கே ரேஷன் அட்டைகள் பெருமளவில் நீக்கப்பட்ட விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நீக்கப்பட்ட அட்டைகளைக் களத்தில் ஆய்வு செய்யும்படி 2022-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏழை வீட்டில் அரிசி நின்றுபோன பிறகு வரும் திருத்தம் எவ்வளவு தாமதமானது! இதற்கு மாறாக, மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாடு 2020-இல் கொரோனா காலத்தில், செயற்கைக்கோள் படங்களையும் கைபேசிப் பயன்பாட்டுத் தகவல்களையும் கொண்டு வறியவர்களைக் கண்டறிந்து ‘நோவிசி’ திட்டத்தில் பணம் அனுப்பியது. அங்கு கணினி ஆளைச் சேர்ப்பதற்கு உதவியது. அங்கும் கைபேசியே இல்லாத ஏழை கண்ணில் படவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. கைபேசிக் கோபுரத்தின் அலை எட்டாத மலைக் கிராமங்கள் பென்னாகரம், தேன்கனிக்கோட்டை வட்டங்களிலும் உண்டு. தகவலில் இல்லாதவர் தேவையற்றவர் என்று கணினி கருதிவிடும் ஆபத்து அங்கே இருக்கிறது.

மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம் 2023 ஜூலையில் எங்கள் தொப்பூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பயன்படுத்தும் குடும்பத்துக்குத் தகுதியில்லை என்பது அத்திட்ட விதிகளுள் ஒன்று. ஒரே மீட்டரில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பங்கள் வாழும் வீட்டை அந்த எண் எப்படி அறியும்? எனினும் நிராகரிக்கப்பட்டவருக்குக் காரணத்தைக் குறுஞ்செய்தியில் தெரிவித்து, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய அத்திட்டத்தில் வழிவைத்தது பாராட்டத்தக்கது. அந்த வழி எல்லாத் திட்டங்களிலும் இருக்க வேண்டும்.

ஆகவே அரசுக்கு என் வேண்டுகோள் இது. கணினி ஒருவரைத் தகுதியற்றவர் என்று காட்டினால், கிராம நிர்வாக அலுவலரோ வேறு பொறுப்புள்ள அலுவலரோ வீட்டுக்கே சென்று பார்த்து எழுத்தில் பதியும்வரை எந்த உதவியும் நிறுத்தப்படக் கூடாது. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில், ஊர்வாரியான குடிநீர், சுகாதாரத் தகவல்களைத் தமிழில் வாசித்து, தவறானவற்றை அங்கேயே திருத்திக்கொள்ள வாய்ப்பளிக்க வேண்டும். எந்தெந்தத் துறைத் தகவல்கள் எதனுடன் இணைக்கப்படுகின்றன என்ற பட்டியலை ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒட்டி வைக்க வேண்டும். புளோரைடு வரைபடத்தை இரு மாவட்ட நிர்வாகங்களும் அடுத்த கோடைக்கு முன்பே தொடங்கலாம். அதற்கான தகவல்கள் ஏற்கெனவே அவற்றின் கைவசம்தான் உள்ளன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு ஊழியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.