டீச்சருக்கு, எல்லோர் முன்னிலையிலும்

மஞ்சக்குப்பம், கடலூர்
6-5-2025

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். புதுப்பாளையத்து வீட்டை விற்றுவிட்டு இந்த மாதக் கடைசியில் பெங்களூருக்கு மகனிடமே போய்விடுகிறீர்கள் என்று மருந்துக் கடையில் கேள்விப்பட்டேன். கைபேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். லேண்ட்லைனையும் போன வருடம் சரண்டர் செய்துவிட்டீர்கள். நேரில் வரலாம்தான். ஆனால் நான் சொல்ல வேண்டியது இருபத்திரண்டு பேர் பார்த்திருக்க நடந்த ஒன்றைப் பற்றியது என்பதால், அதை உங்கள் வீட்டுக் கூடத்தில் இரகசியமாகச் சொல்லிவிட்டு எழுந்து வருவது நியாயமாகாது. ஆகவே நம் மூத்தோர் மன்றத்தார் அனைவரும் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். அவர்கள் படிக்கிறார்கள் என்பதாலேயே சில பெயர்களையும், கணக்குப் புத்தகம் தொடர்பான அந்த ஒரு விஷயத்தையும் தொடாமல் விடுகிறேன். உங்களுக்குப் புரியும்.

முதலில் பொன்னாடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு விழாவில், ஊரடங்குக் காலத்தில் மன்றம் சிதறாமல் பார்த்துக்கொண்டவர் என்று சொல்லி எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அதற்குக் காரணமாக அவர்கள் எடுத்துச் சொன்னது மிஸ்டு கால் சங்கிலியை. அது என் யோசனை அல்ல, உங்களுடையது. 2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு, இருபத்தொரு நாள் என்று பிரதமர் அறிவித்ததைக் கேட்டு ஊரே அரிசிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் என்னை அழைத்து, "நாற்பத்தொரு பேரில் பதினான்கு பேர் தனியாக இருக்கிறார்கள். காலையில் யார் எழுந்தார்கள், யார் எழவில்லை என்று யாருக்குத் தெரியும்?" என்று கேட்டீர்கள். மறுநாளே பட்டியல் தயார். காலை ஆறரைக்கு முதல் ஆள் அடுத்தவருக்கு இரண்டு மணி அடித்துவிட்டு வைக்க வேண்டும், அவர் அதற்கடுத்தவருக்கு, ஏழரைக்குள் கடைசி மணி உங்கள் வீட்டில் ஒலிக்க வேண்டும்; ஒலிக்காவிட்டால் எங்கே அறுந்தது என்று தேட வேண்டும். காசு செலவில்லை, ஸ்மார்ட்போன் வேண்டியதில்லை, பேசுவதற்குத் தெம்புகூட வேண்டியதில்லை. முதுநகரில் குளியலறையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தவரை எட்டு மணிக்குள் கண்டுபிடித்துக் கொடுத்தது அந்தச் சங்கிலிதான். பொன்னாடை தோளில் விழுந்தபோது இதை நான் மேடையில் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது, நீங்களும் சபையில் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பொன்னாடை இன்னும் பிளாஸ்டிக் உறையைவிட்டு வெளியே வரவில்லை.

மன்றத்தில் நான் சேர்ந்து அப்போது எட்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. 2020 ஜனவரி 31 அன்று எங்கள் பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து நாடு முழுவதும் எழுபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியேறினோம். அதில் நான் ஒருவன். வயதில் இளையவன், தொலைபேசி இலாகாக்காரன் என்று இணைக்கும் வேலை முழுவதையும் என் தலையில் கட்டினீர்கள். உண்மையில் நான், வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைத்துக் கொடுக்கும் டிரங்க் போர்டில் உட்கார்ந்து பழகியவன். ஜூம் என்றால் என்னவென்று மருமகனைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வாட்ஸ்அப்பில் அந்த ஏப்ரல் கடைசி வரை நான்கு பேருக்கு மேல் முகம் பார்த்துப் பேச முடியாது, அதன் பிறகும் எட்டுதான். ஜூமிலோ காசு கட்டாதவர்களுக்கு நாற்பது நிமிடம், அதற்கு மேல் தானாக அறுந்துவிடும். ஏப்ரல் 16-ஆம் தேதி உள்துறை அமைச்சகம், ஜூம் பாதுகாப்பானதல்ல என்று எச்சரித்தது. அந்த அறிக்கையை நம் குழுவில் ஒருவர் பகிர, ஐந்து பேர் அன்றிரவே அதைப் போனிலிருந்து நீக்கிவிட்டார்கள். பகிர்ந்தவர் யார் என்பதை எழுதப்போவதில்லை. இப்போது அவர்தான் புதன்கிழமை ஜூம் கூட்டங்களில் முதல் ஆளாக உள்ளே வருகிறார்.

ஸ்மார்ட்போன் இல்லாத ஒன்பது பேருக்கு நான் செய்து வைத்திருந்த ஏற்பாட்டை நீங்கள் பார்த்ததில்லை. இரண்டு பட்டன் போன்களில் கான்ஃபரன்ஸ் போட்டு, ஒன்றில் ஐந்து பேரையும் மற்றதில் நான்கு பேரையும் சேர்த்து, ஸ்பீக்கரைத் திறந்து லேப்டாப்பின் முன்னால் வைப்பேன். திரையில் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். ஆனால் அவர்களில் யாராவது இருமினாலும் அது லேப்டாப்புக்குள் புகுந்து, சுற்றிக்கொண்டு வந்து, காதைக் கிழிக்கும் ஊளையாக வெளியே வரும். அதனால்தான் எல்லோரையும் ஒரே அடியாக மியூட்டில் போட்டுவிட்டு, பேசுபவரை மட்டும் திறந்துவிடுவது என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தேன்.

2020 மே 6, புதன்கிழமை. இன்றோடு ஐந்து ஆண்டுகள். சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்கள் வழியாக நம் மாவட்டத்தில் தொற்று ஏறிக்கொண்டிருந்த வாரம் அது. வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு வேறு பேச்சே இல்லை. நீங்கள் அதை மாற்ற நினைத்தீர்கள். கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளிய பிறகும் அப்பர் மிதந்து வந்து ஒதுங்கிய இடம் என்று சொல்லப்படுவது நம் கரையேறவிட்டகுப்பம்; பாடலீசுவரர் கோயில் நடை சாத்திக் கிடக்கும் இந்தச் சித்திரையில் அதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று நான்கு நாள் குறிப்பெடுத்தீர்கள். நாலரை மணிக்கு உங்கள் படம் வந்தது. டம்ளரில் சாய்த்து வைத்த போன் சற்று மேல்நோக்கி இருந்ததால், உங்கள் முகவாயும், மூக்குக் கண்ணாடியும், தலைக்கு மேலே சுழலும் மின்விசிறியும் தெரிந்தன. நீங்கள் கைகூப்பிவிட்டுத் தொடங்கினீர்கள். அந்த நேரத்தில் பட்டன் போன் ஒன்றில் இணைப்பு விழுந்துவிட, நான் குனிந்து அந்த நான்கு பேரையும் ஒவ்வொருவராக மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது நீங்கள் பேச்சை நிறுத்தி, சட்டென்று அடுப்படிப் பக்கம் திரும்பினீர்கள். குக்கர் விசில் அடித்திருக்கிறது. புதன்கிழமை என்றால் சுண்டல் உண்டே, மன்றம் கூடாவிட்டாலும் உங்கள் வீட்டில் கடலை வெந்துகொண்டிருந்தது. அந்த விசில் எனக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது, உங்களை நான் திறந்துவிடவே இல்லை என்று. ஏழு நிமிடம் ஓடியிருந்தது.

மற்றவர்களைப் பார்த்தேன். கேட்கவில்லை என்று ஒருவர்கூடக் கையைக் காட்டவில்லை. ஒருவர் காதுக்கருவியைத் திருகிக்கொண்டிருந்தார். ஒருவர் போனை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். இன்னொருவர் நீங்கள் நிறுத்திய இடங்களிலெல்லாம் சரியாகத் தலையசைத்தார். எழுபதைத் தாண்டியவர்களுக்குச் சத்தம் நின்றுபோனால் கருவிமேல் சந்தேகம் வருவதில்லை, தங்கள் காதின் மேல்தான் வருகிறது. கேட்கவில்லை என்று சொல்வது தன் செவிட்டைத் தானே தண்டோரா போடுவதாகிவிடும் என்று ஒவ்வொருவரும் பேசாமல் இருந்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. நான் மட்டும்தான் காரணம் தெரிந்தவன்.

பொத்தானின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய்விட்டேன். நீங்கள் கண்ணை மூடிப் பாடத் தொடங்கினீர்கள். என் மனைவியிடம், "இப்போது சொன்னால் உடைந்துபோவார்கள், முடியட்டும்" என்று மெதுவாகச் சொன்னேன். நடுவில் திறந்திருந்தால் மீதிப் பேச்சாவது கேட்டிருக்கும் என்று இந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனையோ முறை எனக்குள் சொல்லிக்கொண்டேன். உங்கள் மனம் நோகக் கூடாது என்றுதான் விட்டேன் என்றும் சொல்லிக்கொண்டேன். பாதியில் குரல் வந்தால் என் தவறு எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்தேன் என்று எழுதுவதுதான் சரியாக இருக்கும். டிரங்க் போர்டில் எங்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்ததே, இரண்டு முனையிலும் கேட்கிறதா என்று உறுதி செய்துகொள்ளாமல் லைனை விட்டு விலகாதே என்பதுதான்.

ஆனாலும் டீச்சர், திங்கட்கிழமை ஒத்திகைக்கு எல்லோரையும் அழைத்திருந்தேன். நீங்கள் வரவில்லை. "முப்பத்து நான்கு வருஷம் வகுப்பெடுத்தவளுக்கு ஒத்திகையா?" என்றீர்கள். வந்திருந்தால், மைக் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்திருந்தால் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பழியை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன் என்பது எழுதும்போதே தெரிகிறது. இதுவும் என் மனத்தில் கிடந்ததுதான் என்பதால் அழிக்காமல் விடுகிறேன்.

அன்று மாலை நீங்கள் அழைத்து, குரல் சரியாகக் கேட்டதா என்று விசாரித்தீர்கள். "கணீரென்று இருந்தது டீச்சர், எல்லோரும் அசந்துபோய்விட்டார்கள்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குப்பத்தின் பெயருக்குச் சொன்ன விளக்கம் புரிந்ததா என்றீர்கள். புரிந்தது என்றேன். சுண்டல் வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள் என்றீர்கள். முகக்கவசத்தோடு சைக்கிளில் வந்து, கேட்டில் நீங்கள் மாட்டியிருந்த தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனேன். தேங்காயும் மாங்காயும் போட்டிருந்தீர்கள். நானும் மனைவியும் அதைச் சாப்பிட்டோம்.

பட்டன் போன்களில் இருந்த ஒன்பது பேரின் காதுக்கும் என் மேசையில் நடப்பதெல்லாம் கேட்கும் என்பதை நான் மறந்துவிட்டேன். மனைவியிடம் சொன்னது அவர்களில் ஒருவருக்குக் கேட்டிருக்கிறது. அவர் உங்களிடம் சொன்னது சரிதான். நான் அவரிடம் இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை, இனியும் பேசப்போவதில்லை. ஜூலையில், நீங்கள் வைத்திருந்த மன்றத்து வருகைப் பதிவேடு ஆட்டோக்காரர் கையில் என் வீட்டுக்கு வந்தது. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதம் வெறும் மன்னிப்பாக முடிந்திருக்கும். "எக்ஸ்சேஞ்சில் ஒட்டுக்கேட்டே பழகியவனுக்கு அடுத்தவர் வாயை அடைப்பதும் கைவந்த கலைதான்" என்று மூன்று பேரிடம் சொன்னீர்கள். முப்பத்தாறு ஆண்டுகளில் எத்தனையோ வீட்டுச் சாவுச் செய்தியையும் கல்யாணப் பேச்சையும் என் கையால் இணைத்திருக்கிறேன். ஒரு சொல் வெளியே போனதில்லை. அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்க முயன்றதாகவும் சொல்ல மாட்டேன். பதினொரு பேரை அழைத்துக்கொண்டு போனீர்கள். போகட்டும், அது அவரவர் விருப்பம். ஆனால் சங்கிலியையும் இரண்டாக அறுத்தீர்கள். முள்ளோடையில் புதுச்சேரி எல்லையை மூடியபோது பாகூர்ப் பக்கத்து ஆறு பேருக்குப் பால் வண்டியில் இரத்த அழுத்த மாத்திரை கொடுத்தனுப்ப வழி கண்டுபிடித்தவரே நீங்கள்தான். அந்த ஆறு பேர் எந்தப் பக்கம் மணி அடிப்பது என்று தெரியாமல் ஒரு வாரம் திண்டாடினார்கள் என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?

அந்த ஆண்டு நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. விடிந்தபோது மின்சாரம் இல்லை, கைபேசிகள் பலவும் செத்துக் கிடந்தன. லேண்ட்லைனுக்கு வேண்டிய 48 வோல்ட் இணைப்பகத்து மின்கலத்திலிருந்து செம்புக் கம்பி வழியாக வந்துவிடும், வீட்டு மின்சாரத்தை அது நம்பியிருப்பதில்லை. எங்கள் பாதிச் சங்கிலி எட்டேகாலுக்கு என் வீட்டில் வந்து முடிந்தது. உங்கள் பாதியைப் பற்றி எனக்குத் தெரிய வழியில்லை. உங்கள் எண்ணைச் சுழற்றினேன். மூன்றாவது மணியில் எடுத்து, "யாரு?" என்று அதட்டினீர்கள். வைத்துவிட்டேன். அன்று காலை வந்த அந்த மௌன அழைப்பு என்னுடையதுதான்.

2021 மே மாதம் என் மனைவி பதினொரு நாள் ஆக்சிஜனில் இருந்தாள். மாலை நேரத்து விசாரிப்பு அழைப்புகளைச் செய்ய ஆளில்லை. யாரிடமும் ஒப்படைக்கவும் எனக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்து ஒவ்வொருவராக அழைத்து மன்னிப்புக் கேட்டபோது, "அதான் ஒரு அம்மா தினமும் பேசினாங்களே" என்றார்கள். பெயர் சொல்லவில்லையாம். மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டு, போட்டேன் என்றால் நம்பாமல், அட்டையில் மிச்சம் எத்தனை என்று எண்ணிச் சொல்ல வைத்தாராம். அப்படி அதட்டுகிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர், டீச்சர்? என் பட்டியலில் இருந்த எல்லோரையும் அழைத்திருக்கிறீர்கள். என் வீட்டுக்கு மட்டும் அழைக்கவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று யாரிடமாவது கேட்டீர்களா என்றும் நான் விசாரிக்கவில்லை. இல்லை என்று பதில் வந்துவிடுமோ என்று பயம்.

இப்போது மன்றம் பழையபடி நேரில் கூடுகிறது. இணையத்தில் வருபவர்கள் ஐந்தே பேர், பிள்ளைகளோடு போய்விட்டவர்கள். ஐந்து பேருக்காகச் சந்தா கட்டுவானேன் என்று நிர்வாகக் குழுவில் கேட்டார்கள், நானும் முதலில் தலையாட்டினேன். மருந்துக் கடையிலிருந்து வந்த பிறகு மனம் மாறிவிட்டது. செயலாளர் பொறுப்பை நாளைக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். புதன்கிழமை நாலரைக்கு லேப்டாப்பைத் திறந்து இணைப்பைப் போடும் வேலையை மட்டும் நானே வைத்துக்கொள்கிறேன், சந்தாவும் என் ஓய்வூதியத்திலிருந்தே. ஜூன் 4-ஆம் தேதிக்குப் பேச்சாளர் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறேன். அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்பதில்லை.

இன்னொன்று. உங்கள் பெயர் பொறித்த எவர்சில்வர் டம்ளர்கள் ஆறு மன்ற அலமாரியில் இருக்கின்றன. ஒன்றில் விளிம்பு நசுங்கியிருக்கிறது, அது எங்கள் கையில் நடந்ததுதான். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நானே கொண்டு வருகிறேன். மணி அடிப்பேன். திறக்காவிட்டால், முன்பு தூக்குவாளி மாட்டியிருந்த அதே கொக்கியில் பையை மாட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் நாற்பத்தொன்றாம் எண்