'இப்படி' என்று சொல்ல முடியாத பி.டி. வாத்தியார்

கடலூர், மஞ்சக்குப்பம்

அன்புள்ள சேகர்,

முட்டிவலி தேவலையா? நான் ரிட்டயர் ஆன பிறகுதான் அதிகம் ஓடுகிறேன். பார்வையில்லாத காலேஜ் பையன்கள் ஆறு பேருக்குச் சனி ஞாயிறு காலையில் விளையாட்டுச் சொல்லித் தருகிறேன்.

முதல் நாளே மானம் போயிற்று. பழக்கதோஷத்தில் கையை வீசிக் காட்டி "இப்படிச் செய்யுங்கப்பா" என்றேன். "எப்படி சார்?" என்றான் ஒருவன். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நம் பிழைப்பே 'என்னைப் பார்த்துச் செய்' தானே! இப்போது என் தோளையும் முழங்கையையும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அப்புறம் வாய்ப்பேச்சு: "குனிஞ்சு, பாயை உருட்டி விரிக்கிற மாதிரி பந்தை விடு." பாய் விரிக்கத் தெரியாதவன் யார்?

விளையாட்டு கோல்பால். போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1946-இல் உருவானது. 1976 முதல் பாராலிம்பிக்கில் பதக்க ஆட்டம். பக்கத்துக்கு மூன்று பேர். பந்து ஒன்றேகால் கிலோ, உள்ளே மணி. எதிரணி கோலுக்கு உருட்டி விடும் பந்தை, சத்தம் கேட்டு, குறுக்கே விழுந்து தடுக்க வேண்டும். எங்களிடம் மணிப்பந்து ஏது? பாஸ்கெட்பாலை கேரி பேக்கில் போட்டுக் கட்டினேன், சரசரவென்று வருகிறது. கோட்டுக்குச் சணல் கயிற்றைப் போட்டு மேலே டேப் ஒட்டினேன். கால் கட்டைவிரலால் தடவியே இடத்தைப் பிடிக்கிறார்கள். எல்லோருக்கும் கண்கட்டு உண்டு. கொஞ்சம் பார்வை உள்ள பையனுக்கு அதில் இன்னும் முணுமுணுப்புதான். ஆடி மாதம் பூரா ஒலிபெருக்கி, ஆட்டம் அம்போ.

நீ எல்லோரையும் தலைகீழாக நிறுத்துவாயே, அது இங்கே கிடையாது. ஒருவனுக்குக் கிளாக்கோமா, கண் அழுத்த நோய். தலைகீழாக நின்றால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். யாருக்கு என்ன கண்நோய் என்று கேட்காமல் எதையும் தொடங்குவதில்லை.

போன ஞாயிறு சில்வர் பீச்சில் ஈரமணலில் ஓட்டம். சின்னக் கயிறு, ஒரு முனை என் கையில், மறுமுனை ஒரு பையன் கையில். பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது. "நீங்க நில்லுங்க சார். கடல் வலது காதுல கேட்டா பாண்டிச்சேரி பக்கம் போறேன், இடது காதுல கேட்டா திரும்பிட்டேன்" என்றான். கயிற்றை விட்டுவிட எனக்குத்தான் மனசு வரவில்லை. நடந்தே திரும்பினோம்.

தீபாவளிக்கு வரும்போது பரணில் கிடக்கும் பழைய பாஸ்கெட்பாலை எடுத்து வா. எங்களுடையது காற்றுப் போகிறது.

உன்,
ரவி