ஆச்சி சொளவில் எடுத்த பீடி

அன்புள்ள கட்டைக்கு,

ஏழு மாதமாக உன் போனை எடுக்காதவன் எழுதுகிறேன். திட்ட வேண்டியதை மொத்தமாகத் திட்டிவிட்டு மேலே படி. எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அது பொய். பாப்பாவுக்கு வீசிங். இந்த ஐப்பசியில் மட்டும் மூன்று முறை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கடைசித் தடவை, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்து இழுத்துப் போனதைப் பார்த்தேன். அன்றிலிருந்து அவள் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அம்மாவுக்கு வாழைப்பழமும் தயிரும். மாமனாருக்கு மெட்ராஸ் காற்று. எதிர்வீட்டு அக்காவுக்கு எங்கள் ஏசி. என் வீட்டுக்காரி வாய் திறக்கவில்லை. 34 வாரத்தில் ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை அல்லவா, தன் வயிற்றில் கூட ஆறு வாரம் தாங்கியிருந்தால் இது வந்திருக்காது என்று நினைக்கிறாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவது எனக்குத் தெரியாது என்றும் நினைக்கிறாள்.

புதிதாகப் பார்க்கும் டாக்டரம்மா பெரிய குறுக்கு விசாரணை நடத்தினார். எந்த வாரத்தில் பிறந்தாள், எடை என்ன, முதல் வருடம் எத்தனை தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தீர்கள், தோலில் கரப்பான் படை இருந்ததா, உங்கள் இருவர் வீட்டிலும் யாருக்காவது இழுப்பு உண்டா? குறைமாதம் ஒரு காரணம்தான், நுரையீரல் வளர்ந்து முடிக்கும் முன்பே வெளியே வந்துவிட்டது என்றார். ஏழாம் மாதத்தில் நெஞ்சுச்சளி வந்து ஐந்து நாள் ஆக்ஸிஜனில் கிடந்தாளே, நீ கூடப் பஸ் ஏறி வந்தாயே, அதையும் குறித்துக்கொண்டார். அந்த மாதிரி வைரஸ் சளியில் கைக்குழந்தையிலேயே இழுத்த பிள்ளைகளுக்குப் பின்னால் ஆஸ்துமா வருவது அதிகமாம். சளி நெஞ்சைக் கெடுத்ததா, ஏற்கெனவே நொய்ந்த நெஞ்சைச் சளி காட்டிக்கொடுத்ததா என்பது மட்டும் இன்னும் தீராத வழக்காம்.

அப்புறம் புகைக்கு வந்தார். தலைக்கு ஊற்றிய நாளெல்லாம் அம்மா பிள்ளைக்குச் சாம்பிராணி போட்டதைச் சொன்னோம். ராத்திரி கொசுவத்தி உண்டா என்றார். உண்டு, கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு என்றேன், ஏதோ பெருமையாக. ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று அளந்து வைத்திருக்கிறார்களாம். நாலு வருடம், தினம் ஒரு சுருள். நீயே கணக்குப் போட்டுக்கொள், நான் போடவில்லை.

இந்த வீட்டில் ஜெயித்தது அம்மா மட்டும்தான். "தொழுவத்துல கெடந்து வளந்தியே, ஒனக்கு ஒருநாளாவது இழுத்துச்சா?" என்றாள். மட்டம் தட்டலாம் என்று தேடப் போய் மாட்டிக்கொண்டேன். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயக் கூட்டங்கள். இரண்டுமே ஐரோப்பாவிலிருந்து போனவை, ரத்தமும் சாப்பாடும் ஏறக்குறைய ஒன்று. ஆமிஷ் பிள்ளைகளில் 5 சதவீதத்துக்கு ஆஸ்துமா, ஹட்டரைட் பிள்ளைகளில் 21. ஆமிஷ் வீட்டை ஒட்டியே மாட்டுக்கொட்டில். ஹட்டரைட்டுகள் பண்ணையைத் தூரத்தில் வைத்து இயந்திரத்தால் நடத்துகிறவர்கள். 2016இல் வந்த ஆய்வு. சாணித் தூசியிலுள்ள கிருமிகளோடு சின்னதிலேயே பழகிய உடம்பு, பிறகு எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்பதில்லை என்கிறார்கள். அம்மாவிடம் சொன்னது தப்பாகிவிட்டது. பாப்பாவைத் தொழுவத்தில் கொண்டுபோய் விடு என்கிறாள். வந்தபிறகு அது வைத்தியம் இல்லை என்றால் யார் கேட்கிறார்கள்?

சரி, நான் உனக்கு எழுத உட்கார்ந்ததே வேறு விஷயத்துக்கு. டாக்டரம்மா என்னிடம் சிகரெட் உண்டா என்று கேட்டார். கல்யாணத்துக்கு எட்டு வருடம் முன்பே விட்டாச்சு என்றேன். தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். எப்போது ஆரம்பித்தாய் என்று கேட்கவில்லை. பிறகு நானே படித்தேன். நார்வேக்காரர்கள் முன்னின்று வட ஐரோப்பாவில் 24 ஆயிரம் பிள்ளைகளின் விவரத்தைச் சேர்த்து 2017இல் சொல்லியிருக்கிறார்கள்: பதினைந்து வயதுக்கு முன்பே புகைக்க ஆரம்பித்தவன் அப்பனானால், அவன் பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே ஆஸ்துமா வரும் வாய்ப்பு மூன்று மடங்கு, அதுவும் அலர்ஜி சேராத வகை. அவன் எப்போதோ விட்டிருந்தாலும் அப்படித்தான். அந்த வயதில் விந்தணுவுக்கான செல்கள் உருவாகிக்கொண்டிருப்பதால் புகை அங்கே தழும்பு போட்டுவிடுகிறதோ என்று சந்தேகப்படுகிறார்கள். பாப்பாவின் கையில் குத்திப் பார்த்த அலர்ஜி டெஸ்ட்டில் ஒன்றுமே வரவில்லை, கட்டை.

எட்டாங்கிளாஸ். குளத்து மடை. உங்க ஆச்சி பீடி சுற்றிக் குவித்து வைத்த சொளவு. கட்டுக்கு இருபத்தைந்து வரவில்லை என்று கம்பெனியில் கழித்துவிட்டார்கள் என்று ஆச்சி எலிப்பொறி வாங்கி வைத்தாளே! அந்த எலியின் கதையைச் சொல்லி எத்தனை கல்யாண வீட்டில் சிரித்திருக்கிறோம்.

ஆய்வு ஆயிரக்கணக்கான பேரைப் பற்றியது, என் பிள்ளையைப் பற்றியது இல்லை என்று எனக்கும் தெரியும். என்னைவிட நீதான் அதிகம் இழுத்தாய், உன் மகன் மாவட்டப் போட்டியில் 800 மீட்டர் ஓடுகிறான். தெரிந்து என்ன? ராத்திரி மூன்று மணிக்கு மண்டை இதையெல்லாம் கேட்பதில்லை.

இப்போது காலை மாலை மருந்தை மூச்சில் இழுக்கிற பம்பு, ஸ்பேசர் என்கிற குழாய் வைத்து. அம்மா ஒருநாள் அதை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டாள், பழகிப்போகுமாம், பொண்ணுப் பிள்ளை வேறயாம். அன்றைக்குக் கத்தினேன். அவள் நம்புகிற இழுப்பு மருந்து, சால்பூட்டமால் சிரப்பில் ஒரு ஸ்பூனில் 2 மில்லிகிராம், அதே மருந்துப் பம்பை ஒரு தடவை அழுத்தினால் 100 மைக்ரோகிராம், இருபதில் ஒரு பங்குதான். உலகத்து ஆஸ்துமாக்காரர்களில் இந்தியர்கள் சுமார் 13 சதவீதம், உலகத்தில் ஆஸ்துமாவால் சாகிறவர்களிலோ 42 சதவீதம். காற்றை மட்டும் குற்றம் சொன்னால் போதுமா? அரிசிப் பானையும் சேர்த்திதான். மூன்று வாரமாக ராத்திரி இருமல் இல்லை என்று அம்மாவே பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், என்னிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

பொங்கலுக்கு வருகிறோம். உன் வீட்டில்தான் தங்கல். பீடித்தூள் சலிக்கிறதைக் கொல்லைப்பக்கம் மாற்றச் சொல், கொசுவத்திக்குப் பதில் வலை கட்டு. பாப்பாவுக்கு உன் மகனோடு ஓட வேண்டுமாம்.

வீட்டுக்காரியிடம் பீடி விஷயத்தைச் சொல்லப்போகிறேன். குழாயைத் திறந்துவிட்டு அவள் மட்டும் எதற்கு அழ வேண்டும்? உன் பேரும் சேர்ந்துதான் வரும், தயாராக இரு. ஆச்சியிடம் மட்டும் மூச்சு விடாதே. அவளுக்கு அது எலியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒட்டடை