உரிமம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு, வணக்கம்.

மூல நிரல் கைக்குக் கிடைத்துவிட்டால் எந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை நம்பியும் கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள்) எழுதலாம் என்று உங்கள் கட்டுரையாளர் சொல்கிறார். இதை நான் ஏற்கவில்லை. மென்பொருள் உரிமம் முதன்மையாகப் பதிப்புரிமையை, அதாவது எழுதிய நிரலின் மேலுள்ள உரிமையைப் பற்றியது. காப்புரிமையின் கதை வேறு, அது ஒரு தொழில்நுட்ப உத்தியின் மேலுள்ள உரிமை. யாருடைய நிரலிலிருந்தும் ஒரு வரிகூட எடுக்காமல் நாமே உட்கார்ந்து எழுதியதுகூட இன்னொருவரின் காப்புரிமையை மீறியதாகிவிடலாம்.

மோனோ விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். செயலிகளை எழுதவும் இயக்கவும் உதவும் மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் தளத்துக்கு ஈடாகக் கட்டற்ற முறையில் எழுதப்பட்டது மோனோ. டாட்நெட்டின் சி ஷார்ப் நிரல் மொழியும் அதன் அடிப்படை இயக்கச் சூழலும் எக்மா என்ற தரநிர்ணய அமைப்பின் தரநிலைகளாக வெளிவந்திருந்தன. ஆனால் விண்டோஸ் ஃபார்ம்ஸ், ஏஎஸ்பி டாட்நெட் போன்ற டாட்நெட்டின் மற்ற பகுதிகள் அந்தத் தரநிலைக்கு வெளியே இருந்தன. டாம்பாய் என்ற குறிப்பெழுதும் செயலிக்காக டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் மோனோவைத் தன் வழக்கமான நிறுவலில் சேர்க்க முனைந்தபோது, மைக்ரோசாஃப்ட் ஒருநாள் காப்புரிமையைக் காட்டி இதை முடக்கக்கூடும் என்று 2009 ஜூனில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எச்சரித்தார். அடுத்த மாதமே அந்த இரண்டு தரநிலைகளின் மீதும் காப்புரிமை கோர மாட்டோம் என மைக்ரோசாஃப்ட் வாக்குறுதி தந்தது. மற்ற பகுதிகளுக்கு அது பொருந்தவில்லை. டாம்பாயை சி++ மொழியில் திருப்பி எழுதிய ஜிநோட்டும் அதே ஆண்டில்தான் பிறந்தது.

'கடைசியில் ஒன்றும் நடக்கவில்லையே' என்று கேட்பவர்கள் உண்டு. சரி, 2014இல் டாட்நெட்டின் மையப் பகுதியின் மூல நிரல் திறந்துவிடப்பட்டது, 2016இல் மோனோ எம்ஐடி என்ற தளர்வான கட்டற்ற உரிமத்துக்கு மாறியது. நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு கிடைத்தது மைக்ரோசாஃப்ட் மனம் மாறியதால், நம் ஏற்பாட்டால் அல்ல. மனம் மாறாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் 2009இலேயே சான்று இருக்கிறது. அதே மைக்ரோசாஃப்ட், வழிகாட்டிக் கருவிகள் செய்யும் டாம்டாம் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அதில் சுட்டப்பட்ட சில காப்புரிமைகள் லினக்ஸ் கருவில் (கெர்னலில்) இருந்த ஃபேட் என்ற கோப்புச் சேமிப்பு முறையைத் தொட்டன. டாம்டாம் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதற்கும் முன்னால் ஜிஃப் படவடிவம்: எல்லோரும் புழங்கிப் பழகிய பிறகு, 1994 கடைசியில், அதன் சுருக்க முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் வேண்டுமென யூனிசிஸ் என்ற கணினி நிறுவனம் கிளம்பியது. பிஎன்ஜி என்ற மாற்றுப் படவடிவம் உருவாக அதுவே தூண்டுதல்.

அதனால் ஒரு தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே காப்புரிமை பற்றி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அப்பாச்சி 2.0, ஜிபிஎல் 3 என்ற கட்டற்ற உரிமங்கள் இரண்டிலும் இதற்கென்றே பிரிவுகள் உள்ளன. எம்ஐடி உரிமம் காப்புரிமை என்ற பேச்சையே எடுப்பதில்லை. நிறுவனம் தனியாக வாக்குறுதி தந்திருந்தால் அதைத் திரும்பப் பெற முடியுமா, காப்புரிமையை வேறொருவருக்கு விற்றாலும் அது செல்லுமா, நாம் மாற்றி எழுதிய வடிவத்துக்கும் பொருந்துமா என்று துருவிக் கேட்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், வாக்குறுதியின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு.

காப்புரிமைச் சந்தேகம் உள்ள தொழில்நுட்பத்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்டால்மன்கூட மோனோ எழுதியதைக் குறை சொல்லவில்லை, அதைச் சார்ந்து நிற்பதைத்தான் எதிர்த்தார். வேண்டியவர் தனியாக நிறுவிக்கொள்ளும் செயலி ஒன்று அதை நம்பியிருந்தால், வழக்கு வரும் நாளில் அந்தச் செயலியை மட்டும் எடுத்துவிடலாம். இயங்குதளத்தின் அடித்தளமே அதன்மேல் நின்றால் எதை எடுப்பது?

இப்படிக்கு,
கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர் ஒருவர்