உப்புத்தாளைக் கீழே வை

அன்புள்ள ராகவா,

இங்கு அனைவரும் நலம். இத்தனை மாத மௌனத்துக்காக என்னைத் திட்டும் பொறுப்பை வழக்கம்போல் மீனாட்சியிடம் விட்டுவிடு. பேத்தி வருவதற்குள் பழைய ஜன்னல்களை உப்புத்தாள் போட்டு நீயே தேய்த்துப் புதுப் பெயின்ட் அடிக்கப் போவதாகப் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிதான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது. வாத்தியார் நாற்காலிக்கு நேர்ந்த கதிக்குப் பிறகும் உன்னை நம்பித் தூரிகையைக் கொடுக்கிறார்களே!

விளையாட்டு போகட்டும். உன் வீட்டின் வயதுக்கு, அடிப்பூச்சுகளில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கட்டடங்களின் உட்புறப் பூச்சில் வெள்ளை ஈயம் என்ற ஈய நிறமியை விலக்கச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-லேயே உடன்படிக்கை கொண்டுவந்தது. அமெரிக்கா வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்ததோ 1978-இல்தான். ஜன்னலைத் திறந்து மூடும்போதெல்லாம் கதவும் சட்டமும் உரசி, மாவுபோன்ற தூசு அடிக்கட்டையில் படிகிறது. நீ உப்புத்தாளால் தேய்த்தால் அதே தூசு வீடு முழுக்கப் பரவும். தவழும் குழந்தை தரையைத் தடவிய கையைத்தான் வாயில் வைக்கும். வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக அதன் உடல் உறிஞ்சிக்கொள்ளும். காய்ச்சலோ அழுகையோ காட்டிக்கொடுக்காது என்பதுதான் என்னைக் கலங்க வைக்கிறது. பாதிப்பு, கற்பதிலும் கவனத்திலும் குறையாகப் பின்னாளில் தெரியவரும்போது இழந்ததைத் திரும்பப் பெற வழி இருக்காது. இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

ஆகவே முதலில் பெயின்ட்டை ஆய்வகத்தில் பரிசோதித்துவிடு. ஈயம் இருந்தால், உரியாமல் உறுதியாக இருக்கும் இடங்களைச் சுரண்டாமல் மேலே பூசி மூடலாம். உரசும் சட்டங்களைப் பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படைத்து, வேலை முடிந்து வீடு சுத்தமாகும்வரை பேத்தியின் வரவைத் தள்ளிப்போடு. நெருப்புக் காட்டிப் பெயின்ட்டை உரிக்கும் உன் பழைய வித்தை வேண்டவே வேண்டாம், அந்தப் புகையிலும் ஈயம் இருக்கும். துடைப்பத்தால் பெருக்குவதும் தூசைக் கிளப்பிவிடும் என்பதால் தரையையும் ஜன்னல் விளிம்புகளையும் ஈரத்துணியால் துடைக்கச் சொல். தண்ணீர்க் குழாய்களும் பழையவை என்றால் அவற்றையும் பார். கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிர ஈயம் போகாது.

ஈயப் பேட்டரிகளை உடைத்து உருக்கும் சுகுமாரன், ஈயத்தூசு படிந்த வேலை உடுப்போடு வீட்டுக்குள் நுழைந்து பிள்ளைகளைத் தூக்குகிறானாம். நான் சொன்னால் கேட்க மாட்டான். குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளைகளைத் தொட வேண்டும் என்று நீ சொல்லிப் பார்.

பரிசோதனை முடிவு வந்ததும் எழுது. பேத்தி ஏற்கெனவே அந்த வீட்டில் சில வாரம் தங்கியிருந்தவள் ஆயிற்றே, அவளுடைய இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்த்துவிடும்படி மகளிடம் நீயே பேசு. யோசனை என்னுடையது என்று தெரிந்தால் சிரித்துத் தட்டிக் கழித்துவிடுவாள்.

அன்புடன்,
சேது