மாதம் 90 டாலர்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று போனில் வீட்டுக் கடனோடு வரும் பிஎம்ஐ (பிரைவேட் மார்ட்கேஜ் இன்ஷூரன்ஸ்) பற்றி ஆரம்பித்தேன். "சரிப்பா, வீட்டு இன்ஷூரன்ஸ்தானே" என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

வீடு எரிந்தால் பணம் தருகிற இன்ஷூரன்ஸ் வேறு. பிஎம்ஐ உனக்கானதே இல்லை. நீ தவணை கட்ட முடியாமல் போனால் கடன் கொடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கு இது. பிரீமியம் மட்டும் உன்னுடையது! கன்வென்ஷனல் கடனில், அதாவது அரசு உத்தரவாதம் இல்லாத சாதாரண வீட்டுக் கடனில், வீட்டு விலையில் 20 சதவீதத்துக்குக் குறைவாக டவுன் பேமென்ட் (கையிலிருந்து முதலில் போடும் பணம்) போட்டால் தலையில் கட்டிவிடுவார்கள்.

அதற்காக 20 சேரும்வரை காத்திரு என்று சொல்ல மாட்டேன். 2003இல் நாங்களும் 10 போட்டுத்தான் எடிசன் ஊரில் இந்த வீட்டை வாங்கினோம். என் தப்பு வேறு. மாதாமாதம் 200 டாலர் அசலில் கூடுதலாகக் கட்டினேன். பாக்கி வீட்டு விலையில் 78 சதவீதத்துக்கு வந்தால் பிஎம்ஐ தானாக நின்றுவிடும் என்று நம்பியிருந்தேன். 1998இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி நிற்கும்தான். ஆனால் அது முதலில் போட்ட தவணை அட்டவணைப்படி. நான் அதிகம் கட்டியதை அட்டவணை கண்டுகொள்ளாது. 80க்கு வந்ததும் நாமே எழுதிக் கேட்க வேண்டும். எங்கள் பாக்கி 2007லேயே 80க்கு வந்துவிட்டது. 2010இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டேட்மென்ட் மேல் சிந்திய காபியைத் துடைத்துக்கொண்டே அம்மா கேட்டாள்: "இது என்னங்க 90 டாலர்?"

மூன்று வருஷம், 3,240 டாலர். மறுநாளே எழுதிப் போட்டேன். தவணை ஒன்றும் தவறவில்லை, வீட்டு மதிப்பும் வாங்கிய விலைக்குக் கீழே போகவில்லை என்று மதிப்பீட்டாளர் சொன்னார், நிறுத்தினார்கள். கட்டியது போனது போனதுதான்.

நீ பார்த்த வீடு 4 லட்சம். 40 ஆயிரம் போட்டால் கடன் 3 லட்சத்து 60 ஆயிரம். அது 80 சதவீதமான 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கு இறங்கும் தேதி, க்ளோஸிங் அன்று (கையெழுத்துப் போட்டு வீட்டை வாங்கும் நாள்) தரும் தாளில் இருக்கும். கூடுதலாகக் கட்டினால் அதற்கு முன்பே கேட்கலாம்.

யாராவது எஃப்ஹெச்ஏ கடன் (அரசு அமைப்பு இன்ஷூரன்ஸ் தரும் வீட்டுக் கடன்) என்றால் யோசி. 10 சதவீதத்துக்குக் குறைவாகப் போட்டால் அதன் இன்ஷூரன்ஸ் கடன் முடியும்வரை விடாது, 10 போட்டாலும் 11 வருஷம். "பிஎம்ஐயை நாங்களே கட்டுகிறோம்" என்று கடன் கொடுப்பவர்கள் சொன்னால் வட்டியைப் பார், அங்கே ஏற்றியிருப்பார்கள்.

லோன் எஸ்டிமேட் (கடன் செலவுகளைக் கணக்கிட்டுத் தரும் படிவம்) வந்ததும் முதல் பக்கத்தில் மார்ட்கேஜ் இன்ஷூரன்ஸ் வரியைப் போட்டோ எடுத்து அனுப்பு. அம்மா பால் காய்ச்சும் பாத்திரத்தை இப்போதே தேய்த்து வைத்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா